பஞ்சுக்குச்சியும் பாம்பின் நாக்கும்: வாசனைத் தேர்வை முறையாகச் செய்வது எப்படி

வட அமெரிக்காவைச் சேர்ந்த கார்ட்டர் பாம்பின் மூக்கு நுனிக்கு 2 செ.மீ. முன்னால், மண்புழுவின் மேல் தேய்த்த பஞ்சுக்குச்சி ஒன்றை ஆடாமல் பிடியுங்கள். நாக்கு ஒருமுறை வெளியே வரும், மேலும் கீழுமாக அலையும், உள்ளே போகும். மறுபடி வரும்போது அதன் இரண்டு நுனிகளும் பஞ்சைத் தொடும். ஐந்தாறு முறை இப்படி வந்து போனபின் தலை லேசாகப் பின்வாங்கும், வாய் திறக்கும், ஒரே பாய்ச்சலில் பஞ்சைக் கவ்விக்கொள்ளும். சில பாம்புகள் விடவே விடாது. தாடையை மாற்றி மாற்றி நகர்த்தி விழுங்கவே தொடங்கிவிடும்.

பஞ்சில் புழு இல்லை. அசைவு இல்லை, சூடு இல்லை. புழுவின் தோலிலிருந்து ஒட்டிய சில புரதங்கள் மட்டும் இருக்கின்றன. அவ்வளவை வைத்தே பாம்பின் மூளை ‘இது இரை’ என்று தீர்த்துவிட்டது. விலங்கு நடத்தை ஆய்வில் இதைவிடச் செலவு குறைந்த, இதைவிடத் தெளிவான தேர்வு வெகு சிலவே உண்டு. 1960களில் அமெரிக்காவில் கோர்டன் பர்கார்ட் இதை முறைப்படுத்தினார். ஒருவேளைகூட இரை தின்றிராத குட்டிகள், தம் இனம் தின்னும் இரையின் சாற்றைத் தொட்ட பஞ்சை மட்டும் தேர்ந்தெடுத்துக் கவ்வின. மண்புழு தின்னும் பட்லர் கார்ட்டர் பாம்பின் குட்டி மண்புழுப் பஞ்சை நாடியது. தோல் உரித்த கிரேஃபிஷ்களையே (இறால் போன்ற நன்னீர் உயிர்) நம்பி வாழும் குயின் பாம்பின் குட்டி கிரேஃபிஷ் பஞ்சை நாடியது. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. கார்ட்டர் பாம்பு குட்டி போட்டபின் அவற்றைப் பேணி வளர்ப்பதில்லை.

உயிரியல் மாணவர்கள், பாம்புப் பூங்காப் பணியாளர்கள், அனுமதியோடு ஊர்வன வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய தேர்வு இது. ஆனால் எளிதாக இருப்பதாலேயே அவசரமாகச் செய்து, தவறான எண்களை அட்டவணையில் ஏற்றிவிடுவதும் எளிது. ஒவ்வொரு படியையும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தெரிய, முதலில் அந்தப் புரதம் நாக்கிலிருந்து மூளைக்குள் போகும் வழியைப் பார்த்துவிடுவது நல்லது.

நாக்கிலிருந்து மூளை வரை

பாம்பின் நாக்கில் சுவை பார்க்கும் வேலை ஏறக்குறைய இல்லை. அது ஒரு அகப்பை. அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. கொட்டும் இடம் ஜேக்கப்சன் உறுப்பு. 1813-ல் டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் விவரித்ததால் அந்தப் பெயர். பாம்பின் வாய்க்கூரையில் முன்பக்கம் இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றுக்கு மேலே வலத்துக்கு ஒன்று இடத்துக்கு ஒன்றாக இந்த உறுப்பு அமைந்திருக்கிறது. பாம்பில் இது மூக்கறையோடு சேராமல் வாயோடு மட்டுமே திறந்திருக்கிறது. இரண்டு நாக்கு நுனிகளும் இரண்டு துளைகளுக்குள் நுழைந்து துழாவும் என்று பழைய பாடப்புத்தகங்கள் எழுதின. அது சரியில்லை. நாக்கு தன் உறைக்குள் போகும்போது ஒட்டியிருந்த பொருள் வாயின் அடித்தளத்தில் உள்ள மெத்தை போன்ற மடிப்புகளில் படிகிறது. வாய் மூடும்போது அந்த மடிப்புகள் மேலே அழுந்திப் பொருளைத் துளைக்குள் ஏற்றுகின்றன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இந்த ஒரு அமைப்பிலிருந்தே தேர்வுக்கான முதல் விதி வருகிறது. காற்றில் பரவாத கனமான மூலக்கூறுகளையும் பாம்பு படிக்கும், ஆனால் அதற்கு நாக்கு பொருளைத் தொட வேண்டும். மண்புழுவில் பாம்பை ஈர்க்கும் பொருள்களில் பிரித்தெடுத்து ஆராயப்பட்ட ஒன்று சுமார் 20 கிலோடால்டன் எடையுள்ள புரதம். புழுவின் தோல் கசிவில் இருப்பது. இவ்வளவு பெரிய புரதம் மூக்கு வழியே ஆவியாகப் போய்ச் சேராது. அதனால்தான் குச்சியை எட்டப் பிடித்தால் தேர்வே நடந்ததாகாது.

உறுப்பின் உட்சுவரில் உள்ள உணர்செல்களில் புரதம் பொருந்தியதும் கால்சியம் அளவு மாறி நரம்புத் துடிப்பு எழும். அந்தத் துடிப்பு தனி நரம்பு வழியே மூளையின் முன்புறம் உள்ள துணை நுகர்குமிழுக்குப் போகும். மூக்கு வாசனை போய்ச் சேர்வது அதன் பக்கத்திலுள்ள முதன்மை நுகர்குமிழுக்கு. இரண்டும் அக்கம்பக்க வீடுகள் போல இருந்தாலும் உள்ளே போகும் வழி வேறு வேறு. துணைக்குமிழின் இழைகளில் பெரும்பங்கு மூளைக்குள் அமிக்டலா என்னும் பகுதியில் உள்ள ‘நியூக்ளியஸ் ஸ்பெரிகஸ்’ என்னும் உருண்டையான நரம்புத்திரளுக்குப் போகிறது. வெட்டிப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கு அடுக்காகத் தெரியும் இந்தத் திரள், மொத்த மூளையின் அளவைப் பார்க்கையில் பாம்பில் வியக்கத்தக்க அளவு பெரியது. இன்னொரு பங்கு நடு அமிக்டலாவுக்குப் போகும். அங்கிருந்து செய்தி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் பின்பக்கவாட்டுத் திரளை அடைகிறது.

இந்தப் பின்பக்கவாட்டுத் திரளிலிருந்து இழைகள் நாக்குத் தசையை ஆட்டும் மூளைத்தண்டின் நரம்புத்திரளுக்கு நேராக இறங்குகின்றன என்று கார்ட்டர் பாம்பில் 2001-ல் மார்ட்டினஸ்-மார்க்கோஸ், மிமி ஹால்பர்ன் குழுவினர் காட்டினார்கள். அதாவது நாக்கு கொண்டுவந்த செய்தியே சுற்றி வந்து நாக்கை மீண்டும் வெளியே அனுப்புகிறது. நல்ல செய்தி வந்தால் நாக்கு வேகமாக வரும். இன்னும் செய்தி வரும். நாம் குச்சி முன்னால் எண்ணுவது இந்தச் சுழற்சியின் வேகத்தைத்தான்.

மூக்குக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. காற்றில் வரும் வாசத்தை மூக்கு முதலில் பிடித்து, நாக்கை உசுப்பிவிடும். ஆனால் கவ்வச் சொல்வது மூக்கு அல்ல. ஹால்பர்னும் ஜான் கூபியும் 1970களின் இறுதியில் நியூயார்க்கில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஜேக்கப்சன் நரம்பு துண்டிக்கப்பட்ட கார்ட்டர் பாம்புகள் மண்புழுச் சாற்றின் தடத்தைப் பின்தொடர்வதை விட்டன. ஆண் பாம்புகள் பெண்ணை நாடுவதையும் விட்டன. மூக்கு நரம்பு மட்டும் துண்டிக்கப்பட்டவை தடத்தை விடவில்லை. எண்களைப் படிக்கும்போது இந்த வேறுபாடு கைகொடுக்கும்: நாக்கு அடிக்கடி வந்தால் ‘ஏதோ இருக்கிறது’ என்று பொருள். கவ்வினால்தான் ‘இரை இது’ என்று பொருள்.

பாம்பு, புழு, குச்சி

கூண்டில் பிறந்து வளர்ந்த கார்ட்டர் பாம்புகளே இதற்கு ஏற்றவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இயல்பாக வாழ்பவை, சாதுவானவை, மண்புழு, மீன், தவளை எனப் பலதும் தின்னும். எல்லா வகையும் எல்லா இடத்திலும் வளர்க்கலாம் என்றில்லை. சான்ஃபிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பு 1967 முதல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் வெளியே திரியும் பாம்பைப் பிடித்து இதைச் செய்யக் கூடாது; 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் பாம்புகளைக் காக்கிறது. சாரைப்பாம்பு விஷமில்லாததுதானே என்ற வாதம் இங்கே செல்லாது. கல்லூரியில் செய்வதானால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலில் வாங்குங்கள்.

நான்கு வகைப் பஞ்சு காட்டப் போகிறீர்கள் என்றால் பாம்புகளின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும். 8 போதும், 12 நல்லது. கடைசியாக இரை தின்று 4 முதல் 7 நாள் ஆகியிருக்க வேண்டும். வயிறு நிறைந்த பாம்பு நாக்கை நீட்டும், ஆனால் கவ்வாது. பிறந்த குட்டிகளில் செய்வதானால் முதல் சட்டை உரித்தபின், முதல் இரை கொடுக்கும் முன். முட்டையிடாமல் குட்டி போடும் பாம்பு என்பதால் ஒரே தாயின் குட்டிகள் பத்துக்கு மேல் ஒரே நாளில் கிடைக்கும். ஆனால் அவை உடன்பிறப்புகள் என்பதைக் குறித்து வையுங்கள். பன்னிரண்டு பாம்பும் ஒரு தாய் பிள்ளைகள் என்றால் அது ஒரு குடும்பத்தின் கதையாக மட்டுமே இருக்கும்.

எங்கிருந்து வந்த வம்சம் என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவில் ஸ்டீவன் ஆர்னால்ட் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், ஓடில்லா நத்தைகள் நிறைந்த கடலோரத்துப் பாம்புகளின் குட்டிகள் நத்தையை விரும்பித் தின்றன. நத்தை இல்லாத உள்நாட்டுப் பகுதியின் அதே இனப் பாம்புக் குட்டிகளில் பெரும்பாலானவை தொடவில்லை. இரண்டு ஊர்ப் பாம்புகளைக் கலந்து சராசரி எடுத்தால் இரண்டின் உண்மையும் காணாமல் போகும்.

மண்புழுவில் ‘நைட்கிராலர்’ என்று தூண்டில்காரர்கள் சொல்லும் லும்பிரிகஸ் டெரஸ்ட்ரிஸ் வகையை எடுங்கள். மண்புழு உரம் போடப் பயன்படும் சிவப்புப் புழுவான ஐசீனியா ஃபெட்டிடா வேண்டாம். அது மஞ்சள் நிறத்தில் நாறும் திரவம் கசியும். கார்ட்டர் பாம்புக்கு உணவாகக் கொடுத்தால் ஆபத்து. மீன் சாறு தேவை என்றால் தங்கமீனைத் தவிருங்கள். தேர்வுக்குப் பின் மிச்ச மீனைப் பாம்புக்கே போட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தங்கமீனில் தயமினேஸ் நொதி இருப்பதால் தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் பி1 குறைந்து பாம்புக்கு வலிப்பு வரும்.

குச்சி 15 செ.மீ. நீளமுள்ள மரக்குச்சியாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் காது குடையும் பட்ஸ் குட்டை. விரல் பாம்பின் பார்வைக்குள் வந்துவிடும், பாம்பு விரலுக்குப் பயந்ததா பஞ்சை விரும்பியதா என்று தெரியாது. அதிலும் வாசனை ஏற்றிய பட்ஸ் அறவே கூடாது. மருத்துவக் கடையில் மாதிரி எடுக்கும் நீளக் குச்சி கேட்டு வாங்குங்கள்.

பஞ்சில் வாசனை ஏற்ற இரண்டு வழி. எளியது: புழுவைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசி மண் போக்கி, பஞ்சை அதே நீரில் நனைத்து, புழுவின் உடல் நெடுகப் பத்துத் தடவை உருட்டித் தேய்ப்பது. புழுவுக்கும் சேதமில்லை. பல பாம்புகளுக்கு ஒரே அளவுச் சாறு வேண்டுமானால் இரண்டாவது வழி: அலசிய புழு 6 கிராமுக்கு 20 மி.லி. வடித்த நீர், 50 டிகிரி செல்சியஸில் 1 நிமிடம் ஊறவைத்துப் புழுவை எடுத்துவிட்டு நீரை வடிகட்டுவது. தண்ணீர் கொதிக்கவே கூடாது. கொதித்தால் புரதம் திரிந்து உருமாறும், பிறகு பாம்பு என்ன படித்தது என்று சொல்ல முடியாது. வடிகட்டியதைச் சிறு குப்பிகளில் பிரித்து உறைய வைத்து, அன்றன்றைக்கு ஒரு குப்பி மட்டும் எடுத்து அறைச்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். நேற்றைய சாறு இன்று கெட்ட வாடை அடித்தால் அது இன்னொரு வாசனை, கொட்டிவிடுங்கள்.

ஒப்பீட்டுப் பஞ்சுகள் இல்லாமல் தேர்வு இல்லை. வடித்த நீர் மட்டும் தொட்ட பஞ்சு ஒன்று. நெடியுள்ள, ஆனால் இரைக்குச் சம்பந்தமில்லாத வாசனை ஒன்று. பெரும்பாலான ஆய்வுகளில் நீர்த்த கொலோன் தைலம். நான்காவதாக, அந்தப் பாம்பு தின்னாத விலங்கு ஒன்றின் சாறோ, அதற்குப் பழக்கமான வேறொரு இரையின் சாறோ வைக்கலாம். கொலோன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தாழம்பூ வாசத்துக்குப் பாம்பு வரும் என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கேள்விக்கே இது பதில் தேடுகிறது. பூவின் வாசம் காற்றில் பரவுவது. மூக்கை எட்டி நாக்கை உசுப்பக்கூடியது. கொலோனுக்கும் பாம்பு நீரைவிடக் கூடுதலாக நாக்கை நீட்டுவது உண்டு, ஆனால் கவ்வாது. கொலோன் பஞ்சு இல்லாத தேர்வில், புழுவுக்குக் கூடுதலாக நாக்கு நீட்டியதைப் பார்த்து ‘இரையை அறிந்தது’ என்று எழுதினால், ‘புதுவாசம் என்பதால் நீட்டியது’ என்று எதிரில் உள்ளவர் சொல்வதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எந்தப் பஞ்சு எப்போது என்ற வரிசையும் மாற வேண்டும். நான்கையும் அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டால் முதல் பாம்புக்கு அ ஆ ஈ இ. இரண்டாவதுக்கு ஆ இ அ ஈ. மூன்றாவதுக்கு இ ஈ ஆ அ. நான்காவதுக்கு ஈ அ இ ஆ. ஐந்தாவதிலிருந்து மறுபடி முதல் வரிசை. இப்படி வைத்தால் ஒவ்வொரு பஞ்சும் மற்ற ஒவ்வொன்றுக்கும் அடுத்தபடியாகச் சமமான தடவை வரும். புழுப் பஞ்சைக் கவ்வி ஏமாந்த பாம்பு அடுத்ததை உற்சாகமாகவே சோதிக்கும். அந்த மிச்ச உற்சாகம் ஒரே பஞ்சின் கணக்கில் போய்ச் சேராமல் இருக்க இந்த ஏற்பாடு.

அந்த 60 நொடி

பாம்பை அதன் சொந்தக் கண்ணாடித் தொட்டியிலேயே சோதியுங்கள். வேறு தொட்டிக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு அது புது இடத்தைத்தான் நுகரும். அடியில் வெறும் காகிதம் விரித்திருக்கட்டும். மரத்தூள் வேண்டாம், அதற்கே தனி வாசம் உண்டு. தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். தொட்டியின் சூடு 28 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 20 டிகிரியில் பாம்பு மந்தமாகும், நாக்கின் வேகமும் சேர்ந்து குறையும். அந்த எண்ணை 30 டிகிரியில் எடுத்த எண்ணோடு ஒப்பிட முடியாது.

மூடியை மெதுவாகத் திறந்து 5 நிமிடம் அப்படியே விடுங்கள். பஞ்சை 2 நொடி சாற்றில் தோய்த்து, சொட்டு விழாதபடி உதறுங்கள். சொட்டு விழுந்தால் பாம்பு பஞ்சை விட்டுவிட்டுக் காகிதத்தை நக்கப் போய்விடும். குச்சியைப் பக்கவாட்டிலிருந்து, தரையோடு தரையாக, மெதுவாகக் கொண்டுவாருங்கள். மேலிருந்து இறக்கினால் பருந்து இறங்குகிறது என்று பாம்பு ஒடுங்கும். மூக்கு நுனிக்கு 1.5 முதல் 2 செ.மீ. முன்னால் நிறுத்தி, அசையாமல் பிடியுங்கள். கார்ட்டர் பாம்புக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆடும் குச்சியே அதற்குப் புழு.

முதல் நாக்கு வெளிவந்ததும் கடிகாரத்தை ஓடவிடுங்கள். அதிலிருந்து 60 நொடி. விரலில் மாட்டும் கவுன்ட்டரை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நாக்கு ஒருமுறை வெளிவந்து உள்ளே போனால் ஒன்று என்று எண்ணுங்கள். வெளியே இருக்கும்போது அது மேலும் கீழும் எத்தனை முறை அலைந்தாலும் கணக்கு ஒன்றுதான். பாம்பு திரும்பி நகர்ந்தால் குச்சியும் அதே தூரத்தில் மெதுவாகப் பின்தொடரட்டும். ஓடி ஒளிந்தால் அந்தத் தேர்வை நிறுத்திவிட்டு, நிறுத்திய காரணத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் செய்யுங்கள். கவ்வினால் அந்த நொடியைக் குறித்துவிட்டுக் கடிகாரத்தை நிறுத்துங்கள். குச்சியை இழுக்காதீர்கள், பல் மாட்டிக்கொள்ளும். சிறிது நேரத்தில் அதுவே விட்டுவிடும். ஒவ்வொரு தேர்வுக்கும் புதுக்குச்சி. ஒரே பாம்புக்கு அடுத்த பஞ்சு குறைந்தது 30 நிமிடம் கழித்து. நாளுக்கு ஒன்று என்று வைத்தால் இன்னும் சுத்தம்.

எண்ணுகிறவருக்குக் கையில் இருப்பது எந்தப் பஞ்சு என்று தெரியவே கூடாது. இன்னொருவர் தோய்த்து எண் போட்டுத் தரட்டும். பாரபட்சம் வேண்டுமென்றே வருவதில்லை. புழு என்று தெரிந்த கை தன்னையறியாமல் அரை சென்டிமீட்டர் கிட்டே போகும். கைப்பேசியில் 60 ஃபிரேம் வேகத்தில் பக்கவாட்டுப் படம் எடுத்து வைத்தால் பின்னால் வேறொருவர் எண்ணிச் சரிபார்க்கலாம். வேகமான பாம்பில் நேரில் எண்ணியதும் படத்தில் எண்ணியதும் வேறுபடுவது சகஜம், படத்தை நம்புங்கள்.

மதிப்பெண் போடுவது

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு பாம்பின் கணக்கைப் பாருங்கள். நீருக்கு 14 முறை நாக்கு நீட்டியது. கொலோனுக்கு 21. மீனுக்கு 30, கவ்வவில்லை. மண்புழுவுக்கு 9 முறை நீட்டி, 12-வது நொடியில் கவ்வியது. வெறும் எண்ணிக்கையை வைத்தால் மண்புழுதான் கடைசி. ஆனால் அதற்குத்தான் இந்தப் பாம்பு சந்தேகமே இல்லாமல் முடிவெடுத்தது; முடிவெடுத்துவிட்டதால்தான் நாக்குக்கு அதற்கு மேல் வேலை இல்லாமல் போனது.

இதைச் சரிசெய்ய 1990-ல் வில்லியம் கூப்பரும் பர்கார்ட்டும் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். கவ்வாத தேர்வுக்கு நாக்கு நீட்டிய எண்ணிக்கையே மதிப்பெண். கவ்விய தேர்வுக்கு, அதே பாம்பு எல்லாத் தேர்வுகளிலும் சேர்த்து ஒரே தேர்வில் அதிகபட்சமாக நீட்டிய எண்ணிக்கையை அடிப்படையாக எடுத்து, அதோடு மிச்சமிருந்த நொடிகளைக் கூட்ட வேண்டும். நம் பாம்பின் அதிகபட்சம் 30. மிச்ச நேரம் 60-லிருந்து 12 போக 48. ஆக மண்புழுவுக்கு 78. எவ்வளவு சீக்கிரம் கவ்வுகிறதோ அவ்வளவு மதிப்பெண் ஏறும். கவ்வியது எப்போதும் கவ்வாததற்கு மேலே நிற்கும்.

ஒவ்வொரு பாம்புக்கும் ஒரே ஒரு பஞ்சு மட்டும் காட்டும் ஆய்வென்றால் அடிப்படை எண் மாறும்: ஆய்வில் உள்ள எல்லாப் பாம்புகளிலும் அதிகபட்சம் எதுவோ அதை எடுக்க வேண்டும். இரண்டு முறையையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். முடிவுகள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதால் சராசரி ஒப்பீட்டுச் சோதனைகளைவிட தரவரிசையை ஒப்பிடும் ஃபிரீட்மன் சோதனை பொருந்தும். அதன்பின் பஞ்சுகளை இரண்டிரண்டாக ஒப்பிட வில்காக்சன் சோதனை. மதிப்பெண்ணோடு கூட, நாக்கு எண்ணிக்கை, கவ்விய நொடி, முதல் நாக்கு வர எடுத்த நேரம் மூன்றையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். மதிப்பெண் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மூலக்கணக்கைத் தூக்கிப்போட்டவர்கள் பின்னால் வருந்துவார்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால்

நான்கு பஞ்சுக்கும் பாம்பு சும்மா கிடந்தால் முதலில் அதன் கண்ணைப் பாருங்கள். கண் பால் கலந்த நீலமாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. உரித்து மூன்று நான்கு நாள் கழியும்வரை விட்டுவிடுங்கள். கண் தெளிவாக இருந்தால் சூட்டைப் பாருங்கள். பிறகு கடைசி இரையின் தேதியை.

நான்குக்கும் ஒரே மாதிரி வேகமாக நாக்கு நீட்டினால் பஞ்சில் வேறெதுவோ ஏறியிருக்கிறது. பெரும்பாலும் நம் கைதான். சோப்பு, சந்தனம், தலைக்கு வைத்த எண்ணெய், காலையில் மீன் கழுவிய விரல் எல்லாம் பாம்புக்குத் தனித்தனிச் செய்தி. பவுடர் பூசாத கையுறை போடுங்கள், குச்சியைப் பஞ்சில்லாத முனையில் மட்டும் தொடுங்கள்.

நீர்ப் பஞ்சையும் பாம்பு தாக்கினால் அது பசியா பயமா என்று பிரிக்க வேண்டும். பயந்த பாம்பு உடலைத் தட்டையாக்கும், கழுத்தை எஸ் வடிவில் வளைக்கும், வாயைத் திறந்து குத்திவிட்டு உடனே பின்வாங்கும், பிடித்துக்கொள்ளாது. அதற்கு முன் நாக்கு ஆய்ந்து தொட்டிருக்காது. இரை என்று கவ்வும் பாம்போ நாக்கால் தொட்டுப் பார்த்தபின் வரும், கவ்வியதை விடாது. பயத் தாக்குதலைக் கவ்வலாகக் கணக்கிட்டால் மொத்த ஆய்வும் கெடும். அப்படிப்பட்ட பாம்பை இரண்டு வாரம் தினமும் குச்சிக்குப் பழக்கிவிட்டுத் திரும்ப முயலுங்கள்.

முதல் நாள் நன்றாகக் கவ்விய பாம்பு நான்காம் நாள் சலித்துவிடுவதும் உண்டு. பஞ்சைக் கவ்வினால் ஒன்றும் கிடைக்காது என்று அது கற்றுக்கொள்கிறது. தொகுதி முடிந்ததும் உண்மையான இரை கொடுங்கள், அடுத்த தொகுதிக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

தடம் பிடிக்கும் தேர்வு

பஞ்சுத் தேர்வு கைவந்தபின் இதற்கு வரலாம். ஒய் வடிவில் ஒரு பாதை செய்யுங்கள்: அடித்தண்டு 50 செ.மீ., கிளைகள் 40 செ.மீ. வீதம், சுவர் 15 செ.மீ. உயரம். தரையில் வெள்ளைக் காகிதம் வெட்டி ஒட்டி, தண்டின் நடுவிலிருந்து ஒரு கிளைவரை சாற்றை 1 செ.மீ. அகலத் தூரிகையால் ஒரே கோடாக இழுங்கள். இன்னொரு கிளையில் அதே அகலத்துக்கு வடித்த நீர். ஈரம் கண்ணுக்குத் தெரிந்து வழிகாட்டக் கூடாது, இரண்டும் காயட்டும். காய்ந்த பின்னும் புரதம் அங்கேதான் இருக்கும்.

பாம்பு தடத்தில் ஏறியதும் நாக்கின் போக்கு மாறுவதை அருகிலிருந்து பாருங்கள். நீண்டு அலைந்த நாக்கு குட்டையாகி, வேகமாகித் தரையைத் தட்டித் தட்டிப் போகும். இரண்டு நுனிகளும் விரிந்து தடத்தின் இரு ஓரத்தையும் தொடும். ஒரு நுனி தடத்தை விட்டு வெளியே விழுந்தால் தலை மறுபக்கம் திரும்பும். பிளவுபட்ட நாக்கின் பயன் இதுவே என்று 1994-ல் கர்ட் ஷ்வெங்க் விளக்கினார்: இரண்டு காதால் ஒலி வரும் திசையை அறிவது போல, இரண்டு நுனியால் வாசனையின் திசையை அறிவது. தடத்தை 1 செ.மீ.க்கு மிகவும் அகலமாக இழுத்தால் இரண்டு நுனியும் எப்போதும் உள்ளேயே விழும். பாம்பு நடுவில் தயங்கி வளைந்து வளைந்து போகும், பார்ப்பவர் ‘தடம் பிடிக்கவில்லை’ என்று எழுதிவிடுவார்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காகிதத்தை மாற்றுவதோடு சுவரை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டாவது பாம்பு புழுவின் தடத்தை விட்டுவிட்டு முதல் பாம்பின் தோல் வாசத்தைப் பின்தொடரும். தோல் வாசம் பாம்புகளுக்கு அவ்வளவு வலுவான செய்தி. கனடாவின் மானிட்டோபா மாநிலத்தில் நார்சிஸ் என்னும் இடத்தில் குளிர்கால உறக்கம் முடிந்து ஆயிரக்கணக்கில் வெளிவரும் செம்பக்கக் கார்ட்டர் பாம்புகளில், ஆண் பெண்ணை அடையாளம் காண்பது தோல் கொழுப்பில் உள்ள மெத்தில் கீட்டோன்களை நாக்கால் தொட்டுத்தான் என்று 1989-ல் ராபர்ட் மேசன் குழு காட்டியது. மே மாதத்தில் ஆணும் பெண்ணும் கலந்த தொகுதியில் இரைத் தேர்வு செய்தால் ஆண் பாம்புகள் இரையையே மதிக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கிலுகிலுப்பைப் பாம்பில் தடம் பிடிப்பதைப் படித்துவிட்டு அதையும் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் உண்டு. அது எலியைக் கொத்தி உடனே விட்டுவிடும். ஓடி விழுந்த எலியை நாக்கால் தடம் பிடித்துத் தேடிப் போகும். கொத்தப்பட்ட எலியையும் கொத்தப்படாத எலியையும் அது பிரித்தறிவது விஷத்தில் உள்ள குரோட்டாட்ராக்சின் என்ற புரதங்களால் என்று 2013-ல் மேற்கு வைரமுதுகுக் கிலுகிலுப்பையில் கண்டறிந்தார்கள். விஷமே முகவரிச் சீட்டாகவும் வேலை செய்கிறது. படிக்க அருமையான விஷயம். பயிற்சியும் விஷமுறிவு மருந்தும் உள்ள ஆய்வகத்துக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை அல்ல.

தேர்வு முடிந்தபின் கையுறையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நலமாகத் தெரியும் பாம்பிலும் சால்மொனெல்லா இருக்கும். சாற்றுக் குப்பிகளைச் சமையல் பொருள் வைக்கும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு குப்பியின் மேலும் இரை, எடை, நீர் அளவு, தயாரித்த தேதி நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை உறைபனியில் கரைந்து அழியும், அதன் வாசமும் விரலில் ஒட்டும்.